வாத்தியார் வீட்டு மழைத்தண்ணீர்

அத்தியாயம் 9

சோதனைக் குழாய் ஆறுவதற்குள் கிருபைக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. பிள்ளைகள் இல்லாத வகுப்பறைகளில் உப்பளக் காற்று மட்டும் புகுந்து கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. வேதியியல் அறையில் அறிவியல் டீச்சர் கிருபை தன்னந்தனியாக நின்று, இடுக்கியில் பிடித்த கண்ணாடிக் குழாயைப் பச்சைத் தண்ணீர்க் கிண்ணத்தில் மெல்ல இறக்கினாள். மருந்தை ஊற்றியதும் குழாய்க்குள் மஞ்சளாகக் கலங்கியது. சூடேற்றியதும் தெளிந்துவிட்டது. மஞ்சள் வேறு எதனாலாவது வந்திருக்கலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, அது ஆறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்காவிட்டால் நேரே வீட்டுக்கு ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டு சுற்றலாம்.

நடந்தது. தெளிந்த நீரின் நடுவே முதலில் ஒரு மினுக்கம். பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் முழுக்கப் பொன்துகள்கள் மிதந்து இறங்கத் தொடங்கின.

இந்தச் சோதனையை அவள் வருஷா வருஷம் மாணவிகளுக்குச் செய்து காட்டுகிறவள். "தங்கம் டீச்சர், தங்கம்!" என்று அதுகள் கை தட்டும். தங்கமில்லை, இது காரீயம், காரீயத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நிச்சயமான அடையாளம் கிடையாது என்று அவளும் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பாள்.

கிருபை குழாயை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஆண்டவரே" என்றாள். அதற்குமேல் ஜெபம் வரவில்லை.

ஐந்து வயது மகள் பிளாரன்ஸ் மாதக்கணக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தாயிற்று, குருவானவரைக் கூட்டிவந்து ஜெபமும் பண்ணியாயிற்று. எதற்கும் அந்த வலி மசியவில்லை. போன வாரம்தான் டாக்டர் ஆறுமுகநயினார் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறின் ஓரத்தில் பேனாவால் இழுத்த மாதிரி ஒரு நீலக்கருப்புக் கோடு. வீட்டில் காரீயம் உருக்குகிற வேலை உண்டா என்று கேட்டார். இல்லை. வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிற ஆள் பக்கத்தில் உண்டா என்று கேட்டார். அதுவும் இல்லை. "அப்போ குடிக்கிற தண்ணியைப் பாருங்க டீச்சர்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

உடனே அவள் எதைச் சோதித்தாள்? முனிசிபல் குழாய்த் தண்ணீரை. அடுத்தபடியாக, பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீரை. இரண்டும் சுத்தம். வீட்டு மழைத்தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளை மட்டும் சொல்லி என்ன? ஜேசுபாதம் வாத்தியார் வீட்டு மழைத்தண்ணீரைச் சந்தேகப்பட அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தோன்றாது. மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்பதால், வேண்டாவெறுப்பாக ஒரு கண்ணாடி ஜாடியில் எடுத்துவந்தாள். ஸ்பிரிட் விளக்கில் வைத்து, பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்களவு மிஞ்சும்வரை வற்றவிட்டாள். அந்தச் சங்களவில்தான் இப்போது பொன் மிதக்கிறது.

ஜேசுபாதம் அவளுடைய மாமனார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். நாசரேத்திலிருந்து வந்து தூத்துக்குடியில் வேரூன்றியவர். வெள்ளைக்காரன் காலத்து அந்த வீட்டு முற்றத்துக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி உண்டு. ஐப்பசி கார்த்திகையில் மொட்டை மாடியில் விழுகிற மழையெல்லாம் அதற்குள் இறங்கும். எங்கே தோண்டினாலும் உப்பு ஊறுகிற ஊரில், குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் கலங்கலாக வருகிற ஊரில், அந்தத் தண்ணீர் அமிர்தம். காலரா வந்த வருஷம் வாத்தியார் தொட்டியைத் தெருவுக்கே திறந்துவிட்டார். பக்கத்துத் தெருக்களில் சாவு விழுந்தது, அந்தத் தெருவில் ஒரு பிள்ளை சாகவில்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம். தினமும் மாலையில் அவர் தம் பழைய பள்ளிக்கூடத்து மணியை எடுத்து வாசலில் நின்று அடிப்பார். கைப்பிள்ளைக்காரிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் பாத்திரத்தோடு வருவார்கள். ஆளுக்கு ஒரு செம்பு. ஜாதி மதம் கேட்பதில்லை.

பிறகு ஒரு வருஷம் தொட்டி விரிசல் விட்டு உள்ளே உப்பு ஏறியது. பழைய கப்பல்களை உடைத்து விற்கிற ஒருவர், அவரிடம் படித்தவர், வாத்தியார் மேலுள்ள பிரியத்தில், ஒரு கப்பலின் காரீயத் தகடுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். வாத்தியார் தாமே தொட்டிக்குள் இறங்கி நின்று, ஒரு பொத்தல் இல்லாமல் தகட்டை அடிக்க வைத்தார். "என் காலத்துக்கும் தாங்கும், என் பேரப்பிள்ளை காலத்துக்கும் தாங்கும்" என்றார். அந்த வருஷம்தான் பிளாரன்ஸ் பிறந்தாள்.

மழைத்தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை, உப்பு இல்லை. அது காரீயத்தைத் தின்று கரைத்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் கிருபையே நடத்துகிற பாடம் இது. நடத்திவிட்டு வீட்டுக்குப் போய் அதே தண்ணீரில் பிள்ளைக்குப் பால் கலக்கியிருக்கிறாள். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

குழாயைப் பஞ்சில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு அறையைப் பூட்டினாள்.

வீட்டில் எஸ்றா மகளை மடியில் போட்டு வயிற்றில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. கோபமே வராத மனுஷன். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"என்னளா? என்ன வந்துட்டு?"

"தொட்டித் தண்ணியிலதான் இருக்கு."

அவன் பிளாரன்ஸ் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிப் பின்வாசலில் வீசினான். பிள்ளை பயந்து அழுதது. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அடுக்களைக்குப் போய், மண்பானைத் தண்ணீரையும் கவிழ்த்துவிட்டு வந்தான்.

"எம்புட்டு நாளா?"

"தகடு அடிச்ச நாளிலருந்து."

"அப்போ இவ பிறந்ததிலருந்தா?"

கிருபை தலையை மட்டும் ஆட்டினாள். எஸ்றா முற்றத்தை எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். ஜேசுபாதம் அங்கே தொட்டியின் கைப்பம்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அசனம்."

கிருபைக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோயிலில் நாளைக்கு அசனம். பணக்காரன் ஏழை எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அந்தச் சோறும் கறியும் ஜேசுபாதம் வாத்தியார் வீட்டு மழைத்தண்ணீரில்தான் கொதிக்கும். இன்றைக்குச் சபை மூப்பர் பால்துரை டிரம் ஏற்றிய வண்டியோடு வருவார்.

"நான் சொல்லுதத கேளு" என்றான் எஸ்றா. "தொட்டி மறுபடியும் விரிசல் விட்டுட்டு, உப்பு ஏறிட்டுன்னு சொல்லுவோம். முன்னால அப்பிடி ஆச்சுல்லா, யாரும் சந்தேகப்பட மாட்டாவ. பம்பைக் கழத்தி வச்சிட்டா இனிமே ஒருத்தரும் குடிக்கப் போறதில்ல. பிள்ளைய திங்கக்கிழமை பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோவோம். ஊசி இருக்குன்னு டாக்டர் சொன்னாருல்லா?"

"இருக்கு. இன்ன நஞ்சுன்னு தெரிஞ்சா எடுத்துரலாம்னு சொன்னாரு."

"அவ்வளவுதான். அப்பாவுக்கு இந்தத் தொட்டிதான் உசுரு. இதுல நஞ்சு இருந்துச்சுன்னு தெரு முழுக்கத் தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு. நாமளும் இங்கன குடியிருக்க முடியாது."

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்றுதான் கிருபைக்கு அந்த நேரம் பட்டது. உண்மையைச் சொன்னால், அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு கதவு திறந்துவிட்டது, எல்லாரும் அதன் வழியாக வெளியே போய்விடலாம்.

"சரி. மாமாகிட்ட மட்டும் உள்ளதைச் சொல்லணும். இல்லன்னா பம்பைக் கழத்த விடமாட்டாங்க" என்றாள்.

ஜேசுபாதம் பனியனோடு பம்புக்கு அருகே குந்தியிருந்தார். காலையில் அவருக்குச் சட்டை போட்டுவிடுகிறவன் எஸ்றா. சில மாதமாகப் பொத்தான் அவர் விரலுக்கு அகப்படுவதில்லை. வெளியே போகிற வேலை இல்லாதபோது சட்டையே வேண்டாமென்று விட்டுவிடுகிறார்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க."

இடது கையால் குழாயை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். "பொன்னால்லா மினுங்குது! எங்கன கிடைச்சுது?"

"நம்ம தொட்டித் தண்ணியில."

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ நாளைக்கு அசனத்துக்குத் தங்கச் சோறுதான் போ."

கிருபை அவர் எதிரில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சுற்றிவளைக்கவில்லை. தகடு, மழைத்தண்ணீர், பிள்ளையின் ஈறில் உள்ள கோடு. அவர் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு கோபம் வந்தது.

"ஊரே ஈயம் பூசின பானையிலதானளா சோறு பொங்குது? எவன் செத்தான்?"

"அது வெள்ளீயம் மாமா. இது காரீயம். வேற சாமான்."

"மழை ஆண்டவர் குடுக்கது. அதுல நஞ்சு இருக்கும்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

"மழையில இல்ல, தகட்டுலதான் இருக்கு. மழைத்தண்ணி அதைக் கரைச்சு எடுத்துக்கிடும். பத்தாம் வகுப்புப் புஸ்தகத்துல போட்டிருக்கு மாமா. நானேதான் நடத்துதேன். எனக்கே புத்தி வரல."

"நான் குடிக்கலையா? என்னைவிட இந்தத் தண்ணிய எவன் குடிச்சிருக்கான்? எனக்கு என்ன வந்துட்டு, சொல்லு, எனக்கு என்ன வந்துட்டு?"

பார் என்பதுபோல் வலது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். முழங்கை நீண்டது. மணிக்கட்டு நீளவில்லை. கை, ஆணியில் மாட்டிய துண்டுபோல் கீழே தொங்கியது. அதைத் தூக்கிப் பார்த்தார். தூக்க வரவில்லை. இன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பார்க்கிறவர்போல் தம் கையையே பார்த்தார்.

"இது வயசுல்லா" என்றார்.

காரீயம் நரம்பில் ஏறினால் மணிக்கட்டு இப்படித்தான் விழும். இந்த மனுஷன் மணியை இரண்டு கையாலும் பிடித்து அடிக்க ஆரம்பித்தபோது தெருவே வேடிக்கையாகச் சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

அந்த நேரம் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. பால்துரை டிரம்களைத் தட்டிக்கொண்டே சத்தம் கொடுத்தார்.

"சார், வந்துட்டோம்! கறிக்கு ஆடு வந்துட்டு, உங்க தண்ணி ஒண்ணுதான் பாக்கி!"

எஸ்றா வாயைத் திறப்பதற்குள் ஜேசுபாதம் எழுந்து கேட்டருகே போனார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"தொட்டி விரிசல் விட்டுட்டுடே பால்துரை. உப்பு ஏறிட்டு. இந்த வருஷம் வேற எங்கயாவது பாத்துக்கிடுங்க."

"அய்யய்யோ! உங்க வீட்டுத் தண்ணி இல்லாம என்ன அசனம் சார்?"

"பாத்துக்கிடுங்கன்னு சொல்லுதேம்லா."

வண்டி திரும்பிப் போனது. டிரம்கள் தெருமுனை வரை கடகடவென்று சத்தம் போட்டன. பொய் சொன்ன பையனை வெயிலில் முட்டிபோட வைத்தவர் ஜேசுபாதம். அப்படி முட்டிபோட்டவர்களில் பால்துரையும் ஒருவர். கேட்டைப் பிடித்துக்கொண்டு மாமனார் அங்கேயே நின்றதைப் பார்க்கக் கிருபைக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மாலையில் மணி அடிக்கவில்லை.

அடிக்காவிட்டால் வரமாட்டார்கள் என்று எப்படித்தான் நினைத்தார்களோ! வெயில் தாழ்ந்ததும் தெருப் பெண்கள் வழக்கம்போல் வந்துவிட்டார்கள். இடுப்பில் பிள்ளை, கையில் செம்பு. முன்னால் நின்றவள் அமலோற்பவம். கடலில் சங்கு குளிக்கப் போகிற சந்தியாகுவின் மனைவி. கிறிஸ்மஸுக்கு முந்தி அவளுடைய ஒரே பையன் கஸ்பார் வலிப்பு வந்து இறந்துபோனான். மூளைக்காய்ச்சல் என்றார்கள். இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள்.

"மணிச் சத்தம் கேக்கலையே, வாத்தியாரய்யாவுக்கு உடம்பு சுகமில்லையோன்னு பயந்துட்டோம்" என்றாள்.

எஸ்றா படியில் நின்று, தயாராக வைத்திருந்ததைச் சொன்னான். விரிசல், உப்பு, இனிமேல் தண்ணீர் கிடையாது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி "நம்ம தலையெழுத்து" என்று திரும்பவும் செய்தாள். அமலோற்பவம் மட்டும் அசையவில்லை.

"அடியில கிடக்கதுல ஒரு செம்பு தாங்கண்ணே. கொஞ்சம் உப்பு இருந்தா என்ன, நான் வடிகட்டிக்கிடுவேன். வேற தண்ணி குடிச்சா வாந்தியாப் போகுது. இது ஒண்ணுதான் வயித்துல நிக்கு."

"இல்ல அமலோற்பவம். கிடையாது."

"எனக்காக இல்லண்ணே." கையை வயிற்றில் வைத்தாள். "இதையாவது நல்லபடியாப் பெத்துரணும்லா."

ஜேசுபாதத்தால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க யாருக்கும் இல்லையென்று சொல்லாத மனுஷன். என்ன செய்கிறோம் என்ற நினைவே இல்லாமல், இன்னும் கழற்றாமல் கிடந்த பம்புக்குப் போய், பிடியில் முழங்கையை வைத்து அழுத்தினார். அமலோற்பவம் உள்ளே வந்து செம்பை நீட்டினாள். தண்ணீர் வந்தது. கண்ணாடியாய், ஒரு தூசு இல்லாமல் அவள் செம்பில் விழுந்தது. செம்பு நிறைந்தது. அவள் அதைத் தூக்கினாள்.

"குடிக்காத!"

அந்தச் சத்தம் தன் வாயிலிருந்துதான் வந்தது என்று கிருபைக்கே தெரியவில்லை. எஸ்றா அவள் கையைப் பிடித்தான். "கிருபை, பேசாம இரு" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எப்பிடிப் பேசாம இருக்க? நம்ம பிள்ளைய மட்டும் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் ஊசி போடுவோம். இவுக பிள்ளைகளுக்கு இன்ன நஞ்சுன்னு எந்த டாக்டருக்குத் தெரியும்? பூச்சி மருந்து குடுத்துக்கிட்டே இருப்பாவ. நாம ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருப்போமா?"

எஸ்றாவின் பிடி தளர்ந்தது.

கிருபை படியிறங்கி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். விரிசல் இல்லை. உப்பு இல்லை. தண்ணீரில் காரீயம் இருக்கிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன், என் பிள்ளைக்கும் அதுதான். வயிற்றுவலி, சோகை, வலிப்பு, பிள்ளை மந்தமாகிப்போவது எல்லாம் இதனால் வரும். பல் முளைத்த பிள்ளையென்றால் ஈறோரத்தில் நீலக்கோடு தெரியலாம். தெரியாவிட்டாலும் காட்டத்தான் வேண்டும். திங்கட்கிழமை எல்லாரும் பிள்ளைகளைக் கொண்டுவாருங்கள், டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன்.

பேச்சி என்கிறவள் இடுப்பிலிருந்த தன் பிள்ளையின் உதட்டை விரலால் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அதைப் பார்த்து மற்றவர்களும். தெருவில் நின்றபடியே தாய்மார்கள் எல்லாரும் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழ ஆரம்பித்தன. பேச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இருக்கு டீச்சர்" என்றாள். "கோடு இருக்கு."

அமலோற்பவத்துக்குத் திறந்து பார்க்க ஒரு வாய் இல்லை. செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வலிப்பு வரும்னா சொன்னீங்க டீச்சர்?"

"ஆமா."

"எங்க கஸ்பாருக்கு வலிப்புதான் வந்துச்சு." கிழவரைத் திரும்பிப் பார்த்தாள். "வாத்தியாரய்யா, அன்னைக்கு நீங்கதான வந்து ஜெபம் பண்ணுனீங்க? உங்க வீட்டுத் தண்ணியத்தான அவன் வாயில விட்டீங்க?"

ஜேசுபாதம் பம்புப் பிடியிலிருந்து முழங்கையை எடுத்தார்.

அவள் அவரிடம் பதிலுக்காக நிற்கவில்லை. கிருபையிடம் திரும்பினாள். இந்த வீட்டில் யார் உள்ளதைச் சொல்லுவார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "எம்பிள்ளை செத்தது இதனாலயா டீச்சர்?"

தெரியாது என்று சொல்லலாம். அது பொய்யும் ஆகாது. மண்ணுக்குள் போன பிள்ளையை இனி எந்த டாக்டர் பார்க்கப் போகிறார்? ஆனால் அந்தத் தெரியாதுக்குள் ஒளிந்துகொள்ளத்தான் தனக்கு ஆசை என்பது கிருபைக்குத் தெரிந்திருந்தது.

"இருக்கலாம் அமலோற்பவம்" என்றாள். "பெரும்பாலும் இதனாலதான் இருக்கும்."

அமலோற்பவம் தலையை ஆட்டினாள். அழவில்லை. செம்பின் வாயை முந்தானையால் மூடினாள்.

"அதைக் கொட்டிரு" என்றாள் கிருபை. "கொண்டுபோகாத."

"குடிக்க மாட்டேன் டீச்சர். வள்ளம் கரைக்கு வார நேரம். அவருகிட்ட காட்டணும்லா."

பெண்கள் வழி விட்டார்கள். அவள் கடற்கரைப் பக்கமாக நடந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். பேச்சியை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். வாசலில் காலிச் செம்பு ஒன்று உருண்டு கிடந்தது. யாருடையதென்று தெரியவில்லை.

எஸ்றா படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவன்மேல் கோபப்படக்கூடக் கிருபைக்குத் தெம்பில்லை. வீட்டுக்குள்ளே பிளாரன்ஸ் அம்மாவைக் கூப்பிட்டாள். போகத் திரும்பியவள் மாமனாரைப் பார்த்து நின்றாள்.

அவர் கொடியிலிருந்து சட்டையை எடுத்திருந்தார். எப்படியோ இரண்டு கையையும் நுழைத்துவிட்டார். மேல் பொத்தானைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் கேட்கவில்லை.

"பொத்தானைப் போட்டுவிடு, ஏளா."

"எங்க போறீங்க மாமா?"

"கரைக்கு. சந்தியாகுகிட்ட நாந்தான் சொல்லணும்."

எஸ்றா துள்ளி எழுந்து குறுக்கே வந்தான். "அப்பா, வேண்டாம். ஒத்தப் பிள்ளைய மண்ணுல போட்டவன். கையில கத்தி இருக்க நேரம். என்ன செய்வான்னு தெரியாது."

"தெரியாமலா போறேன்? வழிய விடுலே." குரல் பழைய ஹெட்மாஸ்டர் குரலாக இருந்தது. "நீ பால்துரை வீட்டுக்குப் போ. விரிசல்னு சார் சொன்னது பொய்யாம்னு சொல்லு. மத்ததையும் சொல்லு."

கிருபை பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டுவிட்டாள். அவர் கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. அவரைத் தடுக்க வேண்டும் என்றும் இருந்தது, தடுக்கக் கூடாது என்றும் இருந்தது. கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்து விலகிக்கொண்டாள்.

அவர் கேட்டைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார்.

தெருவின் அந்தக் கோடியில் அமலோற்பவம் போய்க்கொண்டிருந்தாள். செம்பில் ஒரு சொட்டும் சிந்திவிடக் கூடாதென்று அவள் மெதுவாகத்தான் நடந்தாள். ஜேசுபாதத்தால் அவளை எட்டிப் பிடிக்க முடியவில்லை.